விசிலுக்கு முந்தைய பத்து நிமிடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலிருந்து கிளம்பும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. குடை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. விளாங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒத்தக்கடையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, மேலூர் சாலையில் இருந்த அந்தக் கல்லூரிக்குப் போனேன். மாநில அளவிலான பெண்கள் கபடிப் போட்டி அங்கே மூன்று நாளாக நடந்துகொண்டிருந்தது. அன்று இறுதி ஆட்டம். நான் அதற்கு நடுவர்.

நான் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ் என்று வளர்ந்தவள். அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். எங்கள் சந்திலேயே கபடி ஆடப் போன பெண் நான் ஒருத்திதான். முழங்கால் ஜவ்வு கிழிந்த பிறகு ஆட முடியாமல் போய், விசிலை எடுத்துக்கொண்டேன். அதுவும் ஆயிற்று பதினெட்டு வருடம். இத்தனை வருடத்தில் ஆடுகிறவர்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தேன். பெயர் தெரிந்துவிட்டால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமோ என்று பயம். எனக்கு எல்லோருமே முதுகில் இருக்கும் எண்கள்தான்.

இறுதிக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்று சென்னையிலிருந்து வந்த ஒரு அரசுத் துறையின் அணி. விளையாட்டுக்காகவே வேலையில் சேர்க்கப்பட்ட பெண்கள். நல்ல ஷூ, தனிப் பயிற்சியாளர், காலுக்கு ஐஸ் வைக்கத் தனியாக ஓர் ஆள். மற்றது கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து சேர்ந்த அணி. வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள், கல்யாணம் ஆனவர்கள் எல்லாம் கலந்தது. அவர்களுடைய கேப்டன் ஏழாம் நம்பர். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. பாடிப் போவதில் அவளைப் போல் ஒருத்தியை நான் அந்தப் போட்டியில் பார்க்கவில்லை. எதிரணிக் கோட்டுக்குள் அவசரமே இல்லாமல் நுழைவாள். தொட்டுவிட்டுத் திரும்பும்போது மட்டும்தான் வேகம் தெரியும். அவள் குழந்தையும் கணவரும் கேலரியில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் அவள் அந்தப் பக்கம் பார்த்துக் கை காட்டினாள்.

இரும்புக் குழாயும் பலகையும் வைத்துக் கட்டிய கேலரி. விருந்தினர் பக்கம் மட்டும் தகரக் கூரை. நடுவில் கபடி மேட். மைதானத்துச் சுவருக்குப் பின்னால் கண்மாய்க்கரை. இரண்டு வாரமாகவே அங்கங்கே மழை பெய்து கண்மாய் நிரம்பித்தான் இருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இரண்டாம் பாதியில் இன்னும் பத்து நிமிடம் இருந்தபோது முதல் இடி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். யானைமலைக்குப் பின்னால் வானம் கறுத்து, மலையே தெரியாமல் போயிருந்தது. அந்த நேரத்தில் ஓர் அணி டைம் அவுட் கேட்டிருந்ததால் ஆட்டம் நின்றிருந்தது. நான் அமைப்பாளரிடம் போனேன். நல்ல மனிதர். மூன்று நாளாகத் தூங்காமல் ஓடியாடி எல்லாவற்றையும் கவனித்தவர்.

“சார், இடி இடிக்குது. நிறுத்தி வச்சிட்டு அப்புறம் பாப்போமா?” என்றேன்.

“டீச்சர், இன்னும் பத்தே நிமிசம், அம்புட்டுதான். மழை மேலூர்ப் பக்கந்தான் போகும். கூட்டத்தப் பாருங்க, இப்பப் போயி நிப்பாட்டுனா சும்மா விடுவாய்ங்களா?”

கூட்டத்தைப் பார்த்தேன். கேலரி கொள்ளாமல் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஸ்கோர் ஒரு புள்ளி இடைவெளியில் இருந்தது. எனக்கும் அந்த ஆட்டத்தை விட மனமில்லை என்பதுதான் உண்மை. சரி என்று தலையசைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

கடைசியில் சென்னை அணி இருபத்து நான்கு, கொட்டாம்பட்டி அணி இருபத்து மூன்று. நாற்பது வினாடி மிச்சம். ஏழாம் நம்பர் பாடிப் போனாள். இடது மூலையில் இருந்தவளை முழங்கையில் தொட்டாள், திரும்பும்போதே பக்கத்தில் இருந்தவளையும் காலால் தொட்டுவிட்டாள். இரண்டு புள்ளி. நடுக்கோட்டுக்கு வந்துவிட்டால் ஒரு புள்ளி முன்னிலை. அந்த நேரத்தில் காலால் தொடப்பட்டவளே, சென்னை அணியின் நான்காம் நம்பர், பாய்ந்து அவளுடைய கணுக்காலைப் பிடித்தாள். ஏழாம் நம்பர் அப்படியே குப்புற விழுந்து நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் காற்று வந்தது. நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு காற்றைப் பார்த்ததில்லை. புழுதி எழுந்து முகத்தில் அறைந்தது. எனக்கு நேர் எதிரே விருந்தினர் பக்கத்துத் தகரக் கூரை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழும்புவதைப் பார்த்தேன். விசிலை ஊதினேன். நீளமாக, மூச்சு முட்ட ஊதினேன். ஏழாம் நம்பரின் விரல்கள் நடுக்கோட்டைத் தொட்டதையும் பார்த்தேன். வானம் இருட்டியதால் மைதானத்தில் போட்டிருந்த விளக்குகள் அடுத்த நொடி அணைந்தன.

“எந்திரிங்க! ஓடுங்க! கட்டடத்துப் பக்கம் ஓடுங்க!” என்று கத்தினேன். பெண்கள் எழுந்து ஓடினார்கள். பிய்ந்து வந்த தகரங்களில் ஒன்று கபடி மேட் மேல் விழுந்து சறுக்கிக்கொண்டே போனது. இன்னொன்று ஸ்கோர் போர்டின் மேல் விழுந்தது. அட்டைகளை மாற்றிக்கொண்டிருந்த கல்லூரி அலுவலக உதவியாளர் அதன் கீழே இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான்கைந்து பேர் சேர்ந்து தகரத்தைத் தூக்கி அவரை வெளியே எடுத்தபோது வலது தோள் தொங்கிப்போயிருந்தது.

பிறகு மழை. மழை என்று சொன்னால் போதாது. எதிரே நிற்பவர் தெரியவில்லை. ஒரு கால்மணி நேரத்தில் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். அதற்குள் கண்மாய்த் தண்ணீர் கரையைத் தாண்டி, மைதானத்துச் சுவரின் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டது. மைதானத்துக்கும் வகுப்பறைக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு தார்ப்பாதை உண்டு. அந்தப் பாதை பள்ளத்தில் இருந்ததால் தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் ஓடியது. கட்டடத்துக்குப் போக அதைக் கடந்தாக வேண்டும். இளவட்டங்கள் தாண்டிவிட்டார்கள். வயதானவர்களும் குழந்தையை வைத்திருந்தவர்களும் கேலரிப் பக்கமே மாட்டிக்கொண்டார்கள். ஒரு கடலை வண்டி எங்கள் கண் முன்னால் புரண்டு போனது.

கயிறு தேடினோம், கிடைக்கவில்லை. சென்னை அணியின் நான்காம் நம்பர்தான் சொன்னாள்.

“மேடம், நாங்க செயின் போடுறோம்.”

கபடியில் எதிராளியைப் பிடிக்க இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து நிற்பார்கள், அதைச் செயின் என்போம். கையைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் இறுக்கிப் பிடிப்பது. ஈரத்திலும் வழுக்காது. இரண்டு அணிப் பெண்களும் வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். என் இடது பக்கம் ஏழாம் நம்பர், வலது பக்கம் நான்காம் நம்பர். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது, கீழே ஏதேதோ வந்து காலில் இடித்தது. முதலில் தோள் உடைந்தவரைத் தூக்கிக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டே கடந்தார்கள்.

கேலரியிலிருந்து வந்த கூட்டத்தில் ஏழாம் நம்பரின் கணவரும் இருந்தார். குழந்தையைத் தோளில் உட்கார்த்தி வைத்திருந்தார். குழந்தை அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வீறிட்டது. அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் அந்தக் கைகள் இருந்தன. அவளுடைய இரண்டு கையும் கட்டுண்டிருந்தன. ஒரு கை என்னிடம், ஒரு கை அடுத்தவளிடம். என் மணிக்கட்டில் அவளுடைய பிடி தளரவே இல்லை.

“போ தங்கம், அப்பாவோட போ. அம்மா வாரேன், இந்தா வந்துர்றேன்” என்றாள்.

குழந்தை அழுதுகொண்டே கடந்து போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வந்த ஒரு பெரியவருக்குத் தோளைக் கொடுத்தாள்.

எல்லோரும் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முதல் மாடி வகுப்பறைகளில் இருந்தோம். உயிர்ச்சேதம் இல்லை. நனைந்த துணியோடு பெஞ்சுகளில் உட்கார்ந்து, கேண்டீனிலிருந்து யாரோ கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றோம். ஈரம் கொஞ்சம் காய்ந்ததும் பேச்சு ஆட்டத்தில்தான் வந்து நின்றது.

“ரெண்டு பாயிண்ட்டு எங்களுக்குத்தான். கோட்டத் தொட்டாச்சு, வீடியோ இருக்கு” என்றார் கொட்டாம்பட்டி அணியின் பயிற்சியாளர். ஏழாம் நம்பரின் கணவருக்கு அண்ணன் அவர். வீடியோவைப் பார்த்தோம். புழுதிக்குள் ஒரு கை கோட்டை நோக்கிப் போவது தெரிந்தது, கோட்டைத் தொடுவதும் தெரிந்தது. ஆனால் காற்றின் சத்தத்தில் விசில் கேட்கவில்லை. எதிர்ப் பக்கம் நின்ற இன்னொரு நடுவர், புழுதியில் தனக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே என் சொல்தான் மிச்சம். விரல் கோட்டைத் தொட்ட பிறகு விசில் என்றால் இரண்டு புள்ளி. விசிலுக்குப் பிறகு தொட்டது என்றால் அவள் பாடிப் போனதே செல்லாது.

அமைப்பாளர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “டீச்சர், நீங்க என்ன சொன்னாலும் சரி. ஆனா நம்ம மாவட்டத்துப் புள்ளைக. ஜெயிச்சா ரெண்டு பேருக்காச்சும் வேலை கிடைக்கும். கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

“காலையில எழுதித் தாரேன் சார்” என்றேன்.

யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். விசில் வாயில் இருக்கும்போது கண் பார்ப்பதும் மூச்சு வெளியே போவதும் எந்த வரிசையில் நடந்தன என்பது நடுவராக நின்றவர்களுக்கு நன்றாகவே தெரியும். அரை நொடி இருக்கும், அவ்வளவுதான். அந்த அரை நொடி நான் பொறுத்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள்.

வகுப்பறைக்குத் திரும்பியபோது ஏழாம் நம்பர் மடியில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

“டீச்சர், விசில் முன்னாடியா, என் கை முன்னாடியா?”

பதினெட்டு வருடத்தில் ஆடுகிறவள் யாரும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை.

“விசில் முன்னாடிம்மா.”

அவள் குழந்தையின் நெற்றியில் இருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். “எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. விசில் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறந்தான் கை கோட்டத் தொட்டுச்சு. எங்க பெரிய மச்சான்கிட்ட நானே சொல்லிர்றேன், நீங்க சங்கடப்படாதீங்க.”

அவளே போய்ச் சொன்னாள். பயிற்சியாளர் அவளிடம் சரி என்று தலையாட்டினார். ஆனால் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அணியில் சின்னப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. மேட் சுருண்டு மதில் ஓரத்தில் சேற்றோடு கிடந்தது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் சென்னைக்கு ரயில் இல்லை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் என்றார்கள். விசில்தான் முந்தியது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன், முழு அறிக்கை பிறகு தருகிறேன் என்றேன். இருந்த ஸ்கோரையே முடிவாக வைத்துச் சென்னை அணிக்குக் கோப்பையைக் கொடுத்துவிடலாம் என்று அமைப்பாளர்கள் பேசினார்கள். நான்காம் நம்பர் தன் பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“நாப்பது செகண்டு பாக்கி இருக்கு சார். அத ஆடிட்டுப் போறோம். இப்பிடி ஒரு கப்ப எடுத்துட்டுப் போயி எங்க வைக்கிறது?”

ஆடுவதற்கு இடம்தான் இல்லை. எங்கள் பள்ளி மைதானம் மேடானது, மணல் கலந்த மண், தண்ணீர் நிற்காது. தலைமை ஆசிரியையிடம் போனில் அனுமதி கேட்டேன். பள்ளிகளுக்கு மழை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை விளாங்குடியில், ஓர் ஆள் கூட டிக்கெட் வாங்காமல், கேலரி இல்லாமல், மைக் இல்லாமல், மாநில இறுதிப் போட்டியின் கடைசி நாற்பது வினாடி நடந்தது. சுண்ணாம்புப் பொடியில் நானே கோடு போட்டேன். மண் என்பதால் இரண்டு அணியும் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள் சிலர் காம்பவுண்டுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

ஏழாம் நம்பர் பாடிப் போனாள். அதே நிதானம். மூலையில் ஒருத்தியைத் தொடப் போனவள், ஈர மண்ணில் கால் ஒரு விரற்கடை சறுக்கியதில் தவறவிட்டாள். நான்காம் நம்பர் அதற்காகவே காத்திருந்தவள் போல் கணுக்காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் அவள் நின்றுபோனாள். நான் விசில் ஊதி, சென்னைப் பக்கம் விரலைக் காட்டினேன். மிச்ச வினாடிகள் அப்படியே கரைந்தன. இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று.

நான்காம் நம்பர் அவளைத் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். இரண்டு பேரும் என்னமோ பேசிக்கொண்டார்கள், எனக்குக் கேட்கவில்லை. சில மாதம் கழித்துச் சென்னை அணியின் துறைக்கு ஆள் எடுத்தபோது கொட்டாம்பட்டி அணியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். அழுதுகொண்டே இருந்தாளே, அந்தச் சின்னப் பெண்ணை. ஏழாம் நம்பருக்கு வயது தாண்டிவிட்டது என்று சொன்னார்கள்.

விசிலைப் பற்றி ஊரில் அப்புறமும் பல நாள் பேசினார்கள். வீடியோ போன் போனாகப் போனது. நான் நேர்மையாகச் சொன்னேன் என்று சிலர் மெச்சினார்கள், ஊரைக் காட்டிக்கொடுத்தவள் என்று சிலர் ஏசினார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது அந்த அரை நொடி இல்லை. அதற்கு முந்தைய பத்து நிமிடம். முதல் இடி கேட்டபோதே ஆட்டத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. அமைப்பாளரிடம் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. நிறுத்தியிருந்தால் கேலரி காலியாகியிருக்கும், அந்தப் பாதை காய்ந்திருக்கும்போதே எல்லோரும் கட்டடத்துக்குள் போயிருப்பார்கள். தகரம் வெறும் மைதானத்தில் விழுந்திருக்கும். இதை யாருமே என்னிடம் கேட்கவில்லை. அமைப்பாளர், பயிற்சியாளர்கள், பேப்பர்காரர்கள், யாரும். ஆட்டம் நின்றதைப் பற்றித்தான் எல்லோருக்கும் கேள்வி, ஆட்டம் நடந்துகொண்டிருந்ததைப் பற்றி இல்லை.

தோள் உடைந்தவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பிளேட் வைத்துக் கட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“அண்ணே, நான் முன்னாடியே நிறுத்தியிருக்கணும். இடி கேட்டுச்சு எனக்கு.”

அவர் இடது கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார். “எனக்குந்தான் கேட்டுச்சு டீச்சர். நானும் எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல. இம்புட்டு நல்ல ஆட்டத்த விட்டுட்டு எப்பிடிப் போறதுன்னு உக்காந்துட்டேன்.”

அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவர் ஸ்கோர் அட்டை மாற்றுகிறவர், நான் நடுவர். அந்த வித்தியாசம் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது இன்னும் கனமாகத்தான் தெரிந்தது. அவர் மனைவி, “இனி இந்தக் கையால தண்ணிக் குடம் கூடத் தூக்க முடியாதாம்மா” என்று வாசல் வரை வந்து சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறிக்கையில் விசிலைப் பற்றி மூன்று வரி எழுதினேன். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். இடி எப்போது கேட்டது, நான் யாரிடம் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, நான் எப்படித் தலையாட்டினேன் எல்லாம். அமைப்பாளர் படித்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு டீச்சர்? விசில் சமாச்சாரம் மட்டும் போதுமே” என்றார். எடுக்க முடியாது என்றேன். “தப்பு உங்க மேலயும் வரும், தெரியும்ல?” “தெரியும் சார், அதுக்குத்தான் எழுதினேன்.” அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த வருடம் முழுக்க எந்தப் போட்டிக்கும் எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வருடம் ஒரு மாவட்டப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். இடி இடித்தால் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், யாரையும் கேட்க வேண்டாம் என்று நடுவர்களுக்குக் கொடுத்த தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது. யார் சொல்லி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

ஏழாம் நம்பரின் பெயரை அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போன் நம்பரும் வாங்கி வைத்தேன். அடிக்கடி பேசிக்கொள்வதில்லை. திருவிழாக்களில் நடக்கும் ஆட்டங்களுக்கு இன்னும் போகிறாளாம், மற்ற நாளில் கணவரோடு வயல் வேலை. எங்கள் பக்கம் மழை என்று டிவியில் சொன்னால் மட்டும் கட்டாயம் கூப்பிடுவாள்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடாமல் பெய்தது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, வாசல்படி வரை வந்துவிட்டது. தரையில் இருந்த துணிமணிகளை எல்லாம் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

“டீச்சர், அங்கிட்டு எம்புட்டுத் தண்ணி?”

“படி வரைக்கும் வந்துருச்சும்மா. பயமாத்தான் இருக்கு. அங்க எப்படி?”

சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தயங்குவது தெரிந்தது. பின்னால் ஆட்கள் சத்தமாகப் பேசிச் சிரிப்பது கேட்டது.

“உங்களுக்கு அங்க கஷ்டம், நான் சொல்லக் கூடாது. ஆனா எங்க கண்மாய் நிறைஞ்சு தண்ணி வெளிய போகுது டீச்சர். நாலு வருசங்கழிச்சு. ஊரே கரையில நிக்கிது. எம் மகளுக்கு நிறைஞ்ச கண்மாயக் காட்டணும்னு தூக்கிட்டு வந்தேன், அவ தண்ணியப் பாத்ததும் என் கழுத்தக் கட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்கிறா.”

“எறக்கி விடாத, தூக்கியே வச்சுக்கோ” என்றேன்.

“விடல டீச்சர், தூக்கித்தான் வச்சிருக்கேன்” என்றாள்.